நாவில் தங்கியதும் நாவை விட்டகன்றதும்

இறைவன் மனிதனுக்கு அருளிய உறுப்புகளுள் நாவுக்கு இரு பெரும் பணிகள் உண்டு. ஒன்று சுவைத்தல், மற்றொன்று பேசுதல். சுவைக்க எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. பசி வந்தால் நா தானே சுவையைத் தேடிக் கொள்கிறது. பேச்சோ அவ்வாறன்று. தாய் கற்பிக்க வேண்டும்; வீடு பழக்க வேண்டும்; பள்ளி வளர்க்க வேண்டும்; ஏடு காக்க வேண்டும்.

ஒரு சமுதாயம் தன் மண்ணை விட்டு வேற்று மண்ணில் குடியேறும்போது இவ்விரண்டில் எது தங்குகிறது? எது அகன்று விடுகிறது? இவ்வினாவுக்கு விடை காண நூலகத்துக்குள் புகுமுன் ஒரு சிற்றுண்டிச் சாலைக்குள் நுழைவோம். அச்சாலை இருப்பது தென்னமெரிக்கக் கண்டத்தில், பிரேசில் நாட்டின் சாவ் பாவ்லோ மாநகரில். அங்கே மாணவரும் தொழிலாளரும் அலுவலரும் நின்றபடியே வாங்கி உண்ணும் இறைச்சிப் பண்டம் ஒன்று உண்டு. அதன் பெயர் எஸ்ஃபிஹா.

தமிழ்த்துறை மலரில் தின்பண்டத்துக்கு என்ன வேலை என்று சான்றோர் வினவலாம். அப்பண்டத்தின் வரலாறு மொழியின் வரலாறாகவும் இருக்கிறது என்பதே நமது விடை. அது நமக்கும் ஓர் எச்சரிக்கையாக அமைந்திருப்பதால்தான் அதனை இங்கு எடுத்துரைக்க முற்படுகிறோம்.

பஅல்பக் நகரத்துப் பண்டம்

எஸ்ஃபிஹா என்பது போர்த்துகேய நாவில் உருமாறிய அரபுச் சொல். அரபியில் அது ஸஃபீஹா. தகடு போன்று மெல்லியதாய்ப் பரப்பப்பட்டது என்பது பொருள். கோதுமை மாவைப் பிசைந்து, புளிக்க வைத்து, உள்ளங்கையளவு வட்டமாகத் தட்டி, அதன்மீது ஆட்டுக்கறிக் கைமாவைப் பரப்பி, அடுப்பிலிட்டுச் சுட்டெடுப்பது இதன் செய்முறை. கைமாவில் வெங்காயமும் தக்காளியும் மசாலாத் தூளும் கலந்திருக்கும். மாதுளைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய பாகு புளிப்புக்காகச் சேரும். சிலர் பைன் மரத்தின் பருப்பையும் தூவுவர்.

லெபனானின் பிகா சமவெளியில் உள்ள பஅல்பக் நகரம் இப்பண்டத்துக்குப் பேர்பெற்றது. உரோமானியர் கட்டிய மாபெரும் கோயில்களின் இடிபாடுகளைக் காண வருவோர் ஸஃபீஹாவை உண்ணாது திரும்புவதில்லை. அந்நகரத்து ஸஃபீஹா வட்டமானதன்று. மாவின் நான்கு மூலைகளையும் கிள்ளி உயர்த்திச் சிறு சதுரப் பெட்டி போலாக்குவர். அங்கே இறைச்சிக் கடையும் அடுமனையும் கூட்டாளிகள். கடைக்காரர் கறியைக் கொத்தி, வெங்காயமும் தக்காளியும் கலந்து கொடுப்பார்; அண்டையிலுள்ள அடுமனையில் அதை மாவில் வைத்துச் சுட்டுத் தருவர். ஒரே பண்டத்தில் இரு தொழிலாளரின் கைத்திறன் ஒன்று கலக்கிறது.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது துருக்கியரும் ஆர்மீனியரும் போற்றும் லஹ்மஜூன். லஹ்ம் என்றால் இறைச்சி, அஜீன் என்றால் பிசைந்த மாவு என்பதை மதரஸாவில் அரபு பயிலும் சிறுவனும் அறிவான். மாவுக்குள் இறைச்சியைப் பொதிந்து உண்ணும் வழக்கம் அரபுலகில் மிகத் தொன்மையானது. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில் 'ஸன்பூஸஜ்' என்னும் பண்டம் இடம்பெறுகிறது. அப்பண்டத்தைப் பற்றி இஸ்ஹாக் அல்மவ்ஸிலீ என்னும் இசைவாணர் யாத்த கவிதையொன்று, கி.பி. 944 முதல் 946 வரை ஆண்ட கலீஃபா அல்முஸ்தக்ஃபியின் அவையில் ஓதப்பட்டதை வரலாற்றாசிரியர் அல்மஸ்ஊதி பதிந்திருக்கிறார். பேரரசர் அவையில் தின்பண்டம் கவிதைப் பொருளாயிற்று என்றால், அக்காலத்தில் சுவையும் சொல்லும் ஒரே தட்டில் பரிமாறப்பட்டன என்றுதானே பொருள்!

அந்த ஸன்பூஸஜே பாரசீகத்தின் வழியே இந்தியா வந்து சமூசாவாயிற்று. பதினான்காம் நூற்றாண்டில் தில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் விருந்தில், கொத்திய இறைச்சியும் வாதுமையும் பிஸ்தாவும் வெங்காயமும் பொதிந்த சமூசாக்கள் பரிமாறப்பட்டதை இப்னு பதூதா எழுதியிருக்கிறார். அந்தப் பயணியே பின்னர் மாபார் எனப்பட்ட நம் மதுரைச் சீமைக்கும் வந்து சென்றார். ஆகவே, ரமளான் மாதத்து மாலைப்பொழுதில் நம் தட்டில் நோன்புக் கஞ்சிக்கு அருகே அமர்ந்திருக்கும் சமூசாவுக்கு, சாவ் பாவ்லோவின் எஸ்ஃபிஹா தொலைவிலுள்ள உறவுதான்.

கடல் கடந்த கதை

ஸஃபீஹா அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தது எவ்வாறு? 1876ஆம் ஆண்டில் பிரேசில் பேரரசர் இரண்டாம் பேத்ரோ லெபனானுக்கும் சிரியாவுக்கும் பயணம் சென்றார். அரபு மொழி பயின்றவர் அவர். ஆயிரத்தொரு இரவுகளின் பகுதிகளைப் போர்த்துகேய மொழியில் பெயர்த்தவர். அப்பயணத்தில் பஅல்பக்கையும் கண்டார். அதன் பின்னரே அரபியர் பெருந்தொகையினராய்ப் பிரேசிலுக்குப் புறப்பட்டனர் என்பது அம்மக்களின் நம்பிக்கை.

பேரரசரின் பயணத்தைவிட வறுமையே அவர்களை விரட்டியது எனலாம். லெபனான் மலைநாட்டின் பட்டுத் தொழில் நலிந்தது. உதுமானிய அரசின் கட்டாயப் படைச்சேவை அச்சுறுத்தியது. முதல் உலகப் போரின்போது 1915 முதல் 1918 வரை கொடும்பஞ்சம் அம்மலைநாட்டைச் சூறையாடியது. சாந்தோஸ் துறைமுகத்தில் வந்திறங்கிய அம்மக்கள் கையில் உதுமானிய அரசின் பயணச் சீட்டு இருந்தமையால் உள்ளூரார் அவர்களைத் 'துருக்கர்' என்றே அழைத்தனர். துருக்கி அரசின் கொடுமைக்கு அஞ்சி ஓடி வந்தவர்களுக்குத் துருக்கர் என்றே பெயர் வாய்த்தது காலத்தின் எள்ளல்.

அவர்கள் முதுகில் பெட்டியைச் சுமந்து, ஊசியும் நூலும் பொத்தானும் நாடாவும் விற்றுக்கொண்டு ஊரூராய்ச் சென்றனர். இத்தகைய சிறுவணிகரைப் போர்த்துகேய மொழியில் 'மஸ்காத்தி' என்பர். அது நம் பக்கத்துக் கடலோர நகரான மஸ்கத்தின் பெயரினின்று பிறந்ததென்பர். பெட்டி சுமந்தவர் கடை வைத்தார். கடை வைத்தவர் ஆலை கட்டினார். சாவ் பாவ்லோவின் 'மார்ச்சு 25ஆம் நாள்' என்னும் பெயருடைய வீதி அவர்களது வணிகத்தால் நாடறிந்த சந்தையாயிற்று. 1921இல் அச்சமுதாயப் பெண்கள் ஒன்றுகூடித் தொடங்கிய அறச்சங்கத்தின் வழியே எழுந்த சிரிய-லெபனானிய மருத்துவமனை, அந்நாட்டின் தலைசிறந்த மருத்துவமனைகளுள் ஒன்றாகத் திகழ்கிறது. லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனாகிய மிஷேல் தெமேர் 2016 முதல் 2018 வரை பிரேசிலின் குடியரசுத் தலைவராகவே இருந்தார்.

வீட்டு அடுக்களையில் பிறந்த ஸஃபீஹாவும் இவர்களோடு சேர்ந்து முன்னேறியது. முதலில் தம் இனத்தார்க்காக நடத்திய சிறு உணவுக் கடைகளில் விற்றனர். பின்னர் இத்தாலியரும் போர்த்துகேயரும் ஜப்பானியரும் அக்கடைகளை நாடினர். மாதுளைப் பாகு எளிதில் கிட்டாத நாட்டில் எலுமிச்சம்பழம் அதன் இடத்தைப் பிடித்தது. சூடான எஸ்ஃபிஹாவின்மீது எலுமிச்சையைப் பிழிந்து உண்பது இன்று பிரேசிலியர் வழக்கம். திறந்த எஸ்ஃபிஹா ஒரு வகை. முக்கோணமாக மூடிய எஸ்ஃபிஹா மற்றொரு வகை. ஆட்டுக்கறியின் இடத்தை அந்நாட்டில் மலிவாகக் கிடைக்கும் மாட்டுக்கறி பிடித்துக் கொண்டது.

1988இல் சாவ் பாவ்லோவில் 'ஹபீப்ஸ்' என்னும் துரித உணவகம் தொடங்கப்பட்டது. ஹபீப் என்றால் அன்பர், நேசர். நம் இல்லங்களில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழும் பெயர்! ஆயின் அதனைத் தொடங்கிய அல்பெர்த்தோ சரைவா அரபியர் அல்லர்; போர்த்துகலில் பிறந்தவர்; மருத்துவம் பயின்றவர். மிகக் குறைந்த விலையில் எஸ்ஃபிஹாவை விற்றார். கிளைகள் நாடெங்கும் பரவின. அமெரிக்க நாட்டுத் துரித உணவகங்கள் உலகை வளைத்த காலத்தில், பஅல்பக்கின் பண்டம் அவற்றுக்கு எதிரே கடைவிரித்து வெற்றி கண்டது. ஒரு சுவையின் வெற்றிக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அகன்று போன மொழி

அதே நாட்டில் அரபு மொழிக்கு நேர்ந்ததை இனிக் காண்போம்.

வந்தவர்கள் வெறும் வணிகர் அல்லர். அவர்களுள் கவிஞர் இருந்தனர், இதழாசிரியர் இருந்தனர். பெட்டி சுமந்து திரிந்த காலத்திலேயே, 1895இல், கம்பினாஸ் நகரில் 'அல்ஃபைஹா' என்னும் அரபு இதழ் வெளிவந்தது. 1933இல் சாவ் பாவ்லோவில் 'அல்உஸ்பா அல்அந்தலுஸிய்யா' என்னும் இலக்கியக் கழகம் மலர்ந்தது. கலீல் ஜிப்ரானும் நண்பர்களும் நியூயார்க் நகரில் 1920இல் ஒழுங்குபடுத்திய எழுதுகோல் கழகத்தை நம் தமிழ் வாசகர் அறிவர். அதற்கு இணையாகத் தென்னமெரிக்காவில் எழுந்ததே இந்த அந்தலுஸியக் கழகம். ஷஃபீக் மஅலூஃப், இல்யாஸ் ஃபர்ஹாத், 'ஊர்ப்புறக் கவிஞர்' என்று பொருள்படும் அல்கரவீ என்னும் புனைபெயர் பூண்ட ரஷீத் ஸலீம் அல்கூரி ஆகியோர் அதன் ஒளிவிளக்குகள். அரபு நாடுகளின் பாடநூல்களில் இடம்பெறத்தக்க கவிதைகள் பிரேசிலின் காப்பித் தோட்டங்களுக்கிடையே பிறந்தன.

இப்போது அந்த முன்னோடிகளின் பேரர்களையும் கொள்ளுப்பேரர்களையும் நோக்குங்கள். அவர்களுள் மிகப் பலர் எஸ்ஃபிஹாவை விரும்பி உண்பர். அல்கரவீயின் கவிதையை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் அறியார். பாட்டன் எழுதிய கடிதம் பேழையில் இருக்கிறது. படிக்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.

இதற்குக் காரணங்கள் பல. வந்தவருள் ஆடவரே மிகுதி. பலர் அந்நாட்டுப் பெண்களை மணந்தனர். குழந்தைக்கு மொழி தாய்மடியில் அல்லவா பிறக்கிறது! வணிகத்துக்குப் போர்த்துகேய மொழி இன்றியமையாததாயிற்று. பிள்ளைகள் மருத்துவராகவும் வழக்குரைஞராகவும் உயர வேண்டும் என்ற பெற்றோரின் ஆர்வத்தில் அரபு பின்தள்ளப்பட்டது. போதாக்குறைக்கு, ஜெத்தூலியோ வர்காஸின் ஆட்சியில் 1938 முதல் அயல்மொழிக் கல்வி நெருக்கப்பட்டது. 1941இல் அயல்மொழி ஏடுகளுக்குத் தடை வந்தது. அரபு இதழ்களின் குரல் அடங்கிற்று.

இங்கே ஒன்றை ஆழ்ந்து நோக்க வேண்டும். அயல்மொழியை ஒடுக்கிய அரசு அயல்நாட்டுப் பண்டத்தை ஒடுக்கவில்லை. அவ்வாறு செய்யவேண்டிய தேவையும் அதற்கு இல்லை. பண்டம் எவரையும் அச்சுறுத்துவதில்லை. அது காசு தரும் எவர் வாய்க்குள்ளும் புகும். மொழியோ நினைவைச் சுமக்கிறது, வரலாற்றைப் பேசுகிறது, நீ யார் என்று கேட்கிறது. ஆகவேதான் உலகெங்கும் ஆட்சிகள் அடுப்பை விட்டுவிட்டு அச்சகத்தின் மீது கைவைக்கின்றன.

சொல்லின் பொருளும் காலப்போக்கில் கழன்று விடுகிறது. இன்று பிரேசிலில் பாலாடைக்கட்டி எஸ்ஃபிஹா உண்டு. சாக்லேட் எஸ்ஃபிஹாவும் உண்டு. பன்றியிறைச்சியைக் குடலில் அடைத்துச் செய்யும் 'கலப்ரேசா' வைத்த எஸ்ஃபிஹாவும் பரவலாக விற்கிறது. அரபுப் பெயர் தாங்கிய பண்டத்துக்குள் இது நேர்ந்ததே என்று நம்முள் சிலர் துணுக்குறலாம். ஆயினும் நீதி தவறாமல் பேச வேண்டும். தொடக்கத்தில் குடியேறிய அரபியருள் பெரும்பாலோர் கிறித்தவர். அவர்களுக்கு அது விலக்கப்பட்ட உணவன்று. எனவே நாம் இதனைப் பழியாகச் சொல்லவில்லை. பெயர் நிற்க, உட்பொருள் மாறிவிடும் என்பதற்குச் சான்றாகவே சொல்கிறோம். இதில் மற்றொரு விந்தையும் உண்டு. முஸ்லிம் நாடுகளுக்கு ஹலால் கோழியிறைச்சியை உலகிலேயே மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடு அதே பிரேசில்தான். சந்தைக்கு எதுவும் பகையன்று, எதுவும் உறவுமன்று.

மறுப்புக்கு விடை

'மொழி மாறினால் என்ன? புதிய மொழியில் அம்மக்கள் சிறக்கவில்லையா?' என்று கேட்போர் உண்டு. இது புறந்தள்ளத்தக்க வினா அன்று. லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோர்க்குப் பிறந்த ரதுவான் நஸ்ஸார் 1975இல் போர்த்துகேய மொழியில் எழுதிய புதினம் அம்மொழியின் செவ்விய படைப்புகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. 2016இல் போர்த்துகேய இலக்கியத்தின் உயரிய கமோயிஷ் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. மனாவுஸ் நகரில் பிறந்த மில்த்தோன் ஹத்தூம் 1989இல் வெளியிட்ட முதற் புதினமும் லெபனானியக் குடும்பமொன்றின் கதையே. வந்த நாட்டின் மொழிக்கு வந்தவர் அணி சேர்ப்பது பெருமைக்குரியது. அதை மறுப்பவர் இலக்கியம் அறியாதவர்.

ஆனால் இப்பெருமை தானாக விளைந்ததன்று. அவர்கள் எழுதினார்கள், பல்லாண்டு உழைத்தார்கள். வீட்டில் கேட்ட கதையை ஏட்டில் ஏற்றினார்கள். பண்டத்தை உண்டதனால் மட்டும் எவரும் மரபைக் காத்துவிடவில்லை. புதிய மொழியில் காப்பதாயினும், பழைய மொழியில் காப்பதாயினும், எழுத்து இன்றிக் காவல் இல்லை என்பதே நமது கருத்து.

'அரபு இன்றும் அங்கே பேசப்படுகிறதே' என்பாரும் உளர். உண்மை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த முஸ்லிம் குடும்பங்கள் மிகுந்து வாழும் ஃபோஸ் தோ இக்வாசு நகரில் 1983இல் எழுந்த உமர் இப்னுல் கத்தாப் பள்ளிவாசலைச் சுற்றி அரபு ஒலிக்கிறது. அவர்கள் வந்து நெடுங்காலம் ஆகவில்லை என்பது ஒரு காரணம். தொழுகையும் குர்ஆன் கல்வியும் அம்மொழிக்கு ஒரு வீட்டைக் கட்டித் தந்திருப்பது மற்றொரு காரணம். மொழி வாழ ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை எவரேனும் கட்ட வேண்டும். இதுவும் நம் கருத்துக்கே அரண் செய்கிறது.

நாசி கண்டாரும் சிங்கை நேசனும்

இக்கதை தொலைதூரத்து அரபியர் கதை மட்டுமன்று. தமிழ் முஸ்லிம்களாகிய நம் முன்னோரும் கடல் கடந்தவரே. நாகூரிலிருந்தும் காயலிலிருந்தும் இராமநாதபுரக் கரையோரத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றோர் தம் தலையில் சுமந்தது சரக்கை. நாவில் சுமந்தது சுவையையும் தமிழையும்.

பினாங்கில் காவடி போன்ற தண்டின் இருபுறமும் சோறும் ஆணமும் தொங்கவிட்டு விற்ற தமிழ் முஸ்லிம்களின் உணவே இன்று 'நாசி கண்டார்' எனப் புகழ்பெற்றிருக்கிறது. நாசி என்பது மலாய் மொழியில் சோறு. கண்டார் என்பது சுமைத்தண்டு. மடிக்கப்பட்டது எனப் பொருள்படும் அரபுச் சொல்லான 'முதப்பக்', சிங்கப்பூரில் நம்மவர் கடைகளில் கைமா பொதிந்த 'முர்தபா'வாக விற்கிறது. எஸ்ஃபிஹாவைப் போன்றே அவையும் வெற்றி பெற்ற பண்டங்கள்.

மொழி என்னவாயிற்று? மலாய்ப் பெண்களை மணந்து அங்கேயே வேரூன்றிய நம்மவரின் வழித்தோன்றல்கள் ஜாவி பெரானாக்கான் எனப்பட்டனர். அவர்கள் மலாய் மொழியைத் தம் மொழியாகக் கொண்டனர். 1876இல் சிங்கப்பூரில் வெளிவந்த முதல் மலாய்ச் செய்தித்தாளே அவர்கள் நடத்தியதுதான். அதன் பெயரும் 'ஜாவி பெரானாக்கான்'. ரதுவான் நஸ்ஸார் போர்த்துகேய மொழிக்குச் செய்ததை, அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நம் இரத்தத்தினர் மலாய் மொழிக்குச் செய்தனர். அதே சிங்கப்பூரில் 1887இல் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். கம்பினாஸில் அல்ஃபைஹா பிறப்பதற்கு எட்டாண்டுகள் முன்பு!

நாசி கண்டார் இன்று எவ்வளவு பேருக்குத் தெரியும்? சிங்கை நேசன் எவ்வளவு பேருக்குத் தெரியும்? இவ்விரு வினாக்களின் விடைகளுக்கிடையே உள்ள தொலைவே நம் கவலையின் அளவு.

மசாலாவும் மசலாவும்

கடல் கடந்தோர் நிலை அதுவெனில், கடல் கடவாமல் இங்கேயே வாழும் நம் நிலை என்ன? இங்கே தமிழ் அரசமொழி, எவரும் தடைவிதிக்கவில்லை, அச்சகங்கள் நிறைந்துள்ளன. ஆயினும் நம் நிலையை ஒரு சொல்லைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம்.

'மசாலா' என்ற சொல்லை அறியாத தமிழர் இல்லை. பிரியாணிக்கு மசாலா, கைமாவுக்கு மசாலா என்று நாள்தோறும் வழங்குகிறோம். 'மசலா' என்று மற்றொரு சொல் நம்மிடம் உண்டு. வினா எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்த அது, வினாவும் விடையுமாய் அமையும் ஓர் இலக்கிய வகையின் பெயர். வண்ணப்பரிமளப் புலவர் 1572இல் மதுரையில் அரங்கேற்றிய 'ஆயிர மசலா', நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் மூத்தது. கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என வேறெந்தச் சமயத்தாரும் தமிழுக்குத் தராத இலக்கிய வகைகளை நம் புலவர்கள் தந்தார்கள். உமறுப் புலவர் 5027 பாடல்களால் சீறாப்புராணம் பாடினார். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் மரபைக் கண்டு, நம் பாட்டிமார் வீட்டிலிருந்தே மார்க்கம் பயில வழி செய்தார்கள்.

பிரேசிலியர் ஸஃபீஹாவின் ஹகர ஒலியைக் காக்கும்பொருட்டு, 'எஸ்ஃபிர்ரா' என்று றகர ஒலிக்குரிய இரட்டை எழுத்திட்டு எழுதி, ஹகரமாக ஒலிப்பதும் உண்டு. ஒரு தின்பண்டத்தின் ஓசைக்காக அவ்வளவு முயற்சி! நம் முன்னோரோ ஒரு மொழி முழுவதன் ஓசையையும் மற்றொரு மொழியின் எழுத்தில் ஏற்றிக் காட்டினர். ஆனால் மசாலாவை அறிந்த நம் மாணவருள் மசலாவை அறிந்தோர் எத்துணைப் பேர்? பிரியாணியின் வகைகளை அடுக்கிச் சொல்லும் இளைஞரிடம் கிஸ்ஸாக்களின் பெயர்களைக் கேட்டால் எத்தனை சொல்வார்?

உணவைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஹலாலான உணவை உண்டு இறைவனுக்கு நன்றி செலுத்துவது நம் கடமை. விருந்தோம்பல் நம் மரபின் அணி. நாம் சொல்வது இதுதான்: உணவைக் காக்க நாம் எதுவும் செய்ய வேண்டுவதில்லை, பசியும் வணிகமும் அதனைக் காத்துக்கொள்ளும். நாம் முயன்றாலன்றி வாழாதது மொழியும் அதில் எழுந்த இலக்கியமுமே. நம் முயற்சி தேவைப்படாத ஒன்றைக் காட்டி, 'எங்கள் பண்பாடு வாழ்கிறது' என்று மனநிறைவு கொள்வது, தானே பாயும் ஆற்றைக் காட்டிக் கிணறு வெட்ட மறுப்பதற்கு ஒப்பாகும்.

செய்ய வேண்டுவன

குறை கூறி நின்றுவிடுதல் அறிவுடைமை ஆகாது. ஆகவே மூவருக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

சமுதாயப் பெரியோர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் பேழையிலும் அரபுத்தமிழ் நூல்களும் ஓலைச்சுவடிகளும் பழைய இதழ்களும் கடிதங்களும் உறங்கிக் கிடக்கலாம். படிக்க ஆளில்லை என்று பழந்தாளோடு சேர்த்து எறிந்துவிடாதீர்கள். கல்லூரி நூலகத்துக்கோ தமிழ்த்துறைக்கோ கொடுத்துதவுங்கள். திருமண விருந்துக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கை ஒரு நூலின் மறுபதிப்புக்கு ஒதுக்குங்கள். விருந்து ஒரு வேளையில் செரிக்கும். நூல் நூறாண்டு நிற்கும்.

ஆசிரியப் பெருமக்களே! இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தைத் தேர்வுக்குரிய ஒரு தாளாக மட்டும் முடித்துவிடாதீர்கள். அரபுத்தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களை வகுப்பறைக்கு அழைத்து வாருங்கள். அவர்கள் மறைந்த பின் அந்த எழுத்து, பிரேசிலியப் பேழையில் கிடக்கும் பாட்டனின் கடிதம் போலாகிவிடும்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு நாம் இடும் பணி இனியது. அடுக்களையிலிருந்தே தொடங்குங்கள். உங்கள் பாட்டி ஆணம் காய்ச்சும்போதும் நோன்புக் கஞ்சி வைக்கும்போதும் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதுங்கள். பாத்திரத்தின் பெயர், பக்குவத்தின் பெயர், அளவின் பெயர், பெருநாள் பண்டத்தின் பெயர் என ஒவ்வொன்றையும் பதியுங்கள். நம்மவர் ரோஜா என்னாது நோன்பு என்றனர். நமாஸ் என்னாது தொழுகை என்றனர். ஈத் என்னாது பெருநாள் என்றனர். மார்க்கத்தின் தூண்களுக்கே தமிழ்ப்பெயர் சூட்டிய சமுதாயம் அது. அந்தச் சொல்வளம் இன்னும் அடுக்களைகளில் எஞ்சியிருக்கிறது. பண்டத்தின் செய்முறையைக் கேட்கச் செல்லும் நீங்கள், அப்படியே ஒரு தாலாட்டையும் ஒரு முனாஜாத்தையும் ஒரு கிஸ்ஸாவையும் கேட்டு வாருங்கள்.

பஅல்பக்கிலிருந்து சென்றவர்கள் சுவையைக் காத்தார்கள். காலமும் அரசும் வாழ்க்கைப் போராட்டமும் அவர்களின் மொழியைப் பறித்துக்கொண்டன. அவர்களுக்குச் சொல்லிக்கொள்ளக் காரணம் இருந்தது. தாய்மண்ணிலேயே, தாய்மொழி ஆளும் நாட்டிலேயே, தமிழ்த்துறையும் அச்சகமும் அருகிருக்கவே நாம் நம் இலக்கியத்தை இழப்போமாயின், நம் பேரர்களுக்கு நாம் என்ன காரணம் சொல்வோம்? நாவின் இரு பணிகளுள் ஒன்றையே அவர்களுக்கு விட்டுச் சென்றோம் என்ற பழி நம்மைச் சேராதிருக்கட்டும். அதற்குரிய முயற்சியை இன்றே தொடங்குவோம். நிறைவேற்றித் தர வல்ல இறைவன் போதுமானவன்.